சந்தன மாலை போட்ட போட்டோ

மரக்காணம்
7.7.2024

அன்புத் தம்பி அசோகனுக்கு,

அக்கா நன்றாக இருக்கிறேன். நீயும் கேத்தியும் எப்படி இருக்கிறீர்கள்?

மூன்று நாளாக வாட்ஸ்அப்பில் உனக்கு எழுதிப் பார்த்தேன். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டால் "உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று இங்கிலீஷில் பதில் வருகிறது. உப்பளத்து மேரிசெல்வியின் மகள் ஜான்சியிடம் காட்டினேன். "அத்தை, போன் அவருகிட்ட இல்ல. எலெக்‌ஷன் ஆபீஸ்ல யாரோ வெச்சிக்கினு இருக்காங்க" என்று சிரிக்கிறாள். அதனால்தான் கடிதம். இதையாவது நீயே பிரித்துப் படி.

நீ நிற்கிற இன்சூரன்ஸ் கமிஷனர் பதவிக்கெல்லாம் அந்த நாட்டில் ஊரே ஓட்டுப் போடுமா? இங்கே வார்டு மெம்பருக்கு ஓட்டுப் போட்டதோடு சரி, இன்சூரன்ஸ் ஆபீசரை யார் எங்களைக் கேட்டு வைக்கிறார்கள்? உப்பளத்தில் இதைச் சொன்னால் ஒருத்தியும் நம்பவில்லை. "அம்சா தம்பி மந்திரியாவுது" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

ஜெயித்தால் பதவி ஏற்கும் மேடையில் என்னைப் பக்கத்தில் நிற்க வைப்பேன் என்றாய். அதை நம்பிப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். அதில் பேய் மாதிரி இருக்கிறேன், ஏர்போர்ட்டில் பயந்துவிடப் போகிறார்கள்.

பஷீர் பாய் மகள் ஆஸிஃபா உங்கள் ஊருக்குத் திரும்பும்போது உன் புது வீட்டுக்கு இரண்டு சாமான் கொடுத்தனுப்பினேன். என் போட்டோ ஒன்று, திண்டிவனத்தில் எடுத்து பிரேம் போட்டது. மயிலம் முருகன் படத்துக்குப் போட ஒரு சந்தன மாலை. வந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு இருப்பது நீ ஒருத்தன், உனக்கும் இவ்வளவு அவசரம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
அம்சவள்ளி


22.7.2024

அன்பு அக்காவுக்கு,

தமிழில் எழுதிப் பல வருஷமாகிறது. கோணல் எழுத்தைப் பார்த்து சிரிக்காதே.

இங்கே கவர்னர், துணை கவர்னர், இன்சூரன்ஸ் கமிஷனர் எல்லோரையும் மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மாநிலம் என்றால் பெரிதாக நினைக்காதே. இரண்டு மணி நேரம் காரில் போனால் அந்தக் கோடி வந்துவிடும். முதலில் செப்டம்பரில் கட்சிக்குள் தேர்தல், அதில் ஜெயித்தால் நவம்பரில் பொதுத்தேர்தல். சின்ன ஊர் என்பதால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். என்னைத்தான் யாருக்கும் தெரியவில்லை. பேரைச் சொல்லவே பாதிப் பேருக்கு வாய் வரவில்லை. "உன் கதையைச் சொல், அப்போதுதான் ஜனங்களுக்கு நெருக்கமாவாய்" என்று பிரச்சாரம் பார்ப்பவர்கள் நச்சரிக்கிறார்கள்.

நீ அனுப்பியது வந்தது அக்கா. ஒரு கூத்து கேள். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் கேத்தி அந்தச் சந்தன மாலையை உன் போட்டோவுக்கே போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள். அழகாக இருந்ததாம். வெள்ளைக்காரப் பெண்டாட்டி, அவளுக்கு நம் வழக்கம் எங்கே தெரியும்? நான் சிரித்துவிட்டேன், எடுக்கவேண்டும். தமிழ்ச் சங்கத்து ராஜ்கமல், கட்சிக்காரர்கள் என்று நாள் முழுக்க வீட்டில் ஆள்.

உன் காலில் புண் வந்து படுத்தாயே, அதைக் கொஞ்சம் விவரமாக எழுது. பேச்சுக்கு வேண்டும்.

உன் தம்பி,
அசோகன்


மரக்காணம்
11.8.2024

அன்புத் தம்பிக்கு,

முதலில் அந்த மாலையைக் கழற்று! உயிரோடிருக்கிறவள் போட்டோவுக்கு மாலை போட்டு, சிரித்தானாம் இவன். கேத்தியைத் திட்டாதே, பாவம், ஆசையாகச் செய்திருக்கிறாள். எனக்கு ஆயுசு கெட்டி, அதனால் போகிறது போ.

கால் கதை என்ன பெரிய கதை? உப்பு வாரும்போது குதிகாலில் வெட்டுக் காயம். உப்புத்தண்ணீரிலேயே நின்றதால் ஆறாமல் புரையோடிவிட்டது. நடக்க முடியாமல் போனபோது மேரிசெல்விதான் ஆட்டோ வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "காலை எடுத்துடுவீங்களாம்மா?" என்று நான் அழுதேன். "எதுக்கு எடுக்கணும்? நடந்தேதான் வீட்டுக்குப் போவீங்க" என்று அந்த டாக்டரம்மா தன் கையாலேயே புண்ணைக் கழுவிவிட்டது. நடந்தேதான் வந்தேன். நீ அப்போது வரமுடியவில்லை, லீவு இல்லை என்றாய். அதை நான் மனதில் வைக்கவில்லை.

அந்த டாக்டரம்மாவைப் பற்றிப் பேச்சில் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல். உன் பேச்சு போனில் வந்தால் உப்பளத்து ஷெட்டில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாகத் திட்டம். பூந்தி சொல்லியாகிவிட்டது.

உன் அக்கா,
அம்சவள்ளி


மரக்காணம்
16.9.2024

அசோகா,

கட்சித் தேர்தலில் ஜெயித்தாய் என்று ஜான்சி சொன்னாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, மேரிசெல்வி வீட்டார் மாதா கோயிலுக்குப் போய் வந்த பிறகு எல்லோரும் ஷெட்டில் கூடினோம். அனுமந்தையிலிருந்துகூட வந்திருந்தார்கள். போனை உப்பு மூட்டைமேல் சாய்த்துவைத்து உன் பேச்சைப் போட்டோம். கோட்டு சூட்டில் நீ வந்து நின்றதும் விசில் அடித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

ஜான்சி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "எங்க அக்கா பேரு அம்சவள்ளி. உப்பளத்துல வேலை செஞ்சி என்னைப் படிக்க வெச்சாங்க." எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். "அவங்க கால்ல காயம் ஆச்சி." அப்புறம் ஜான்சி சொல்வதை நிறுத்திவிட்டாள். நீ பேசிக்கொண்டே இருந்தாய், கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தாய். உனக்குப் பின்னால் பெரிய திரையில் என் போட்டோ, மாலையோடு.

ஷெட்டில் இருந்தவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. மாலை தெரியும்.

"சொல்லுடி" என்றேன். "வேணாம் அத்தை" என்றாள். அதட்டிய பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கேட்டார்களாம், இல்லை என்றதும் வெளியே அனுப்பினார்களாம், உன் அக்கா ரோட்டிலேயே செத்துப்போனாளாம்.

நம்மூர் பெரியாஸ்பத்திரியில் இன்சூரன்ஸா கேட்டார்கள்? என் காலைக் கழுவிய அந்தக் கைக்கு நீ செய்த மரியாதை இதுதானா?

பூந்தியை யாரும் தொடவில்லை. வீட்டில் துக்கம் நடந்தால் சொல்லாமல் எழுந்து போவார்களே, அப்படி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அம்மா செத்த அன்றிலிருந்து உன்னை இடுப்பில் வைத்திருந்தவள் நான். எதற்காக என்னைக் கொன்றாய்? பதில் எழுது.

அம்சவள்ளி


29.9.2024

அக்கா,

உன் காலில் விழுகிறேன்.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ராஜ்கமல் வீட்டுக்கு வந்தபோது போட்டோவையும் மாலையையும் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "எப்ப தவறினாங்க?" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார், அவருடைய அக்காவும் வைத்தியம் பார்க்க முடியாமல் இறந்துபோனவராம். அந்த நிமிஷத்தில் எப்படிச் சொல்வது? மறுநாள் அவர் மற்றவர்களிடம் சொன்னார். அதற்கடுத்த வாரம் முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவிகள் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். அதுவரை என்னை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை அக்கா. கேத்திக்கு விஷயம் தெரியும். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இப்போது எதிர்க்கட்சிக்காரன் சந்தேகப்படுகிறான். இங்கத்திய பத்திரிகைக்காரர்கள் உனக்கு போன் செய்வார்கள். உன் நம்பர் எப்படியோ கிடைத்திருக்கிறது. நீ பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி என்று சொல்லிவிடு. நவம்பர் ஐந்தாம் தேதி வரைக்கும்தான். உண்மை வெளியே வந்தால் தேர்தல் மட்டுமில்லை, இந்த ஊரில் என்னால் தலைகாட்ட முடியாது. ஜெயித்த பிறகு உன்னை இங்கேயே அழைத்துக்கொள்கிறேன். தூரத்து உறவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

உன் தம்பி,
அசோகன்


மரக்காணம்
20.10.2024

அசோகனுக்கு,

போன் வந்தது. ஒரு வெள்ளைக்காரன் பேச, சிலோன் தமிழ் பேசும் பெண் ஒருத்தி மொழிபெயர்த்தாள்.

"அம்சவள்ளியம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டாள்.

நான் வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தேன். மேரிசெல்வி எதிரே நின்று, வேண்டாம், பொய் சொல்லாதே என்று கையை ஆட்டுகிறாள்.

"அவ செத்துட்டாம்மா" என்றேன்.

"நீங்கள் ஆர்?"

"பக்கத்து வூடு. பாக்கியலட்சுமி."

"எப்படிச் செத்தவ?"

"தம்பி மேல உசுரா இருந்தாம்மா. அதுலதான்" என்றேன்.

அந்தப் பெண் வெள்ளைக்காரனிடம் ஏதோ சொன்னாள். வருத்தம் தெரிவித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளையை என் வாயாலேயே கீழே தள்ள மனசு வரவில்லை. ஆனால் மேரிசெல்வி அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அவள் மட்டும்தான் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். தூரத்து உறவாக அங்கே வந்து உன் வீட்டு ஹாலில் என் போட்டோவை நானே கும்பிடவா? வரமாட்டேன். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். இனி போன் செய்யாதே, எடுக்கமாட்டேன்.

அம்சவள்ளி


3.12.2024

அக்கா, அக்கா,

புயல் உங்கள் பக்கம் கரையைக் கடந்தது என்று டிவியில் பார்த்தேன். மரக்காணம் என்று போட்டு, வெறும் தண்ணீரைக் காட்டினார்கள். எது உப்பளம், எது ரோடு என்று தெரியவில்லை. இருபது தடவை போன் செய்துவிட்டேன். சுவிட்ச் ஆஃப் என்கிறது. மேரிசெல்வி நம்பரும் போகவில்லை.

நான் ஜெயித்தது உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும். அதைச் சொல்ல எழுதவில்லை.

நேற்று சங்கத்தில் புயல் நிவாரணத்துக்குக் கூட்டம் போட்டார்கள். "உங்க ஊராச்சே சார், அங்க இன்னும் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? விசாரிக்கச் சொல்றோம்" என்று ராஜ்கமல் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "யாருமில்லை" என்றேன். வாயில் அதுதான் வந்தது. காருக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். உன்னைத் தேடச் சொல்லி ஒருத்தரிடமும் என்னால் கேட்க முடியவில்லை.

நீ உயிரோடு இருக்கிறாயா? ஒரே ஒரு வார்த்தை எழுது, போதும்.

அசோகன்


மரக்காணம்
27.12.2024

திரு. அசோகன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நானும் மேரிசெல்வியும் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினோம். குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் கரைந்துபோய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. பாக்கியலட்சுமிக்குக் கூரை போய்விட்டது, இப்போது என்னோடுதான் இருக்கிறாள்.

போன வாரம் உங்கள் சங்கத்து நிவாரணம் ஒரு லாரியில் வந்தது. அரிசி, பால் பவுடர், ஆளுக்கொரு போர்வை. வரிசையில் நின்று வாங்கினேன். போர்வையின் ஓரத்தில் "அமரர் அம்சவள்ளி நினைவாக" என்று அச்சடித்து, கீழே உங்கள் பேரும் பதவியும் போட்டிருந்தது. மேரிசெல்வி அதைப் பிடுங்கிச் சேற்றில் எறியப் போனாள். "குளுருதுடி, குடு" என்று வாங்கிக்கொண்டேன்.

கொடுத்த ஆள் என் பேரைக் கேட்டார். அம்சவள்ளி என்றேன். போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ, அதே பேருங்களாம்மா? வேற தரட்டுங்களா?" என்று சங்கடப்பட்டார். "எல்லாத்துலயும் அதானப்பா போட்டிருக்குது" என்றேன்.

அதைப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். நல்ல கனம், குளிர் தெரியவில்லை.

உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறேன். உங்களுக்குத்தான் அக்கா இல்லை. இனிமேல் இந்த முகவரிக்கு எழுத வேண்டாம்.

அந்த மாலையைக் கழற்றச் சொல்லியிருந்தேன். கழற்ற வேண்டாம், இருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்சவள்ளி