காற்று இறங்கிவிட்டதா?

ஜனவரி 11, ஞாயிறு
இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், நாட்குறிப்பே. கைக்குழந்தை வெஸ்லி இப்போதுதான் கண்ணயர்ந்தான். இன்றைய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்துவிட்டோம். என் கணவன் கர்ட்டின் விரல்களில் இன்னும் பந்துத் தோலின் வாசனை. எங்கள் அணியின் பந்துகளைத் தேய்த்துப் பதப்படுத்தி, நடுவர் காற்று அளந்த பிறகு மைதானத்துக்குத் தூக்கிப்போவது அவன் வேலை.

ஜனவரி 14
எதிரணி புகார் கொடுத்திருக்கிறது. பந்துகளில் காற்று குறைவாம். மெத்தென்ற பந்து குளிரில் கைக்கு நன்றாகப் பிடிபடும். "குளிருக்குக் காத்து தானா எறங்கும். நம்ம கார் டயர் எறங்கல?" என்று கர்ட் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஜனவரி 20
போட்டிகளை நடத்தும் லீக்கின் வக்கீல்கள் கர்ட்டின் கைபேசியை வாங்கிக்கொண்டார்கள். அணி கொடுத்த கைபேசி. தர மாட்டேன் என்று சொல்ல முடியாது.

ஜனவரி 29
அவர்கள் பிடித்துக்கொண்டது நாங்கள் இருவரும் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகளை. அன்று ஆட்டம் தொடங்குமுன் அவன்: "காத்து எறங்கிடுச்சா?" நான்: "இல்ல. இன்னும் கல்லு மாதிரி இருக்கு." அவன்: "மெதுவா அமுக்கு. எறங்கிடும்."

வெஸ்லியின் வயிறு. பால் குடித்துவிட்டு ஏப்பம் வராமல் அலறிக்கொண்டிருந்தான் — அவ்வளவுதான்.

லீக்கின் வக்கீல் அம்மாவிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். "அப்போ குழந்தைய எப்படித் தூக்கி வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். ஆட்டக்காரர்கள் பந்தை இடுக்குகிற மாதிரி கக்கத்தில் இடுக்கி, ஃபுட்பால் பிடி என்று சொல்லித் தொலைத்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்த பெயரே அதுதானே. மறுமுனையில் எழுதுகிற சத்தம். ஏன் வாயைத் திறந்தேன்?

பிப்ரவரி 6
கடையில் பால் மாவு வாங்க நின்றேன். பின்னால் ஒருவர்: "ஏம்மா, வெளிய நிக்கிற உன் வண்டி டயர்ல காத்து இருக்கா, இல்ல அதுலயும் உன் வீட்டுக்காரர் கை வெச்சுட்டாரா?" வரிசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

பிப்ரவரி 17
முடிவு வந்துவிட்டது. பந்தெறியும் எங்கள் நட்சத்திரம் லாக்ரிட்ஜுக்கு நான்கு ஆட்டத் தடை. அணிக்கு அபராதம். கர்ட்டுக்கு வேலை போய்விட்டது. இனி லீக்கில் எந்த அணியும் அவனை எடுக்கக் கூடாது. லாக்ரிட்ஜ் அக்டோபரில் திரும்பி வருவார், கைதட்டுவார்கள். நிரூபிக்கக்கூட வேண்டாமாம். செய்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் போதுமாம். மேல்முறையீடு திங்கட்கிழமை.

பிப்ரவரி 20
"நான் வந்து சொல்றேன் கர்ட். டாக்டர் சீட்டையும் கொண்டு வர்றேன்."
அவன் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.
"வேணாம்."
"ஏன்? அது வெஸ்லியப் பத்தினதுதானே?"
"வெஸ்லியப் பத்தினதுதான்."
"அப்புறம் என்ன?"
"அதோட நிறுத்த மாட்டாங்க. வேற கேள்வியும் கேப்பாங்க. நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும்."
புட்டி எப்போதோ சுத்தமாகிவிட்டது. குழாயை அவன் மூடவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு
இரண்டு நாளாகக் கர்ட்டிடம் ஒன்று கேட்க நினைக்கிறேன். வாயால் கேட்க முடியவில்லை. அதனால் கர்ட், இன்று இது உனக்கு. சமையலறை மேஜையில் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

வெஸ்லியின் வயிற்றைப் பற்றி நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். பந்துகளைப் பற்றிக் கேட்டால்? நீ காற்றை இறக்கினாயா?

நாளைக் காலை விசாரணைக்கு நான் கிளம்புவதா வேண்டாமா என்று தெரிய வேண்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் எழுது.