நிற்காத மணி

மார்ச் 4, சோலோ நகரம், ஜாவா
நடுக்கத்துக்கான புது மாத்திரை தொடங்கி ஒரு மாதம். கை அடங்கிவிட்டது. எழுத்து பழையபடி கரும்பலகை எழுத்து. காலையில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தேன். மூன்று முறை.

மார்ச் 11
குக்கர், கடிகாரம், ரேடியோ. கழற்றுவதில்தான் இன்பம், பூட்டுவதில் இல்லை. மனைவி லஸ்மினி திருகாணிகளைத் தாண்டித் தாண்டி நடக்கிறாள். "பாக்னே, இது வீடா, பழைய இரும்புக் கடையா?" வழக்கம்போலப் 'பிள்ளையின் அப்பா' என்று கூப்பிட்டுச் சிரித்தாள். நானும்.

மார்ச் 19
அவளுடைய தையல் மெஷின். மகள் கல்யாணத்துக் கெபாயா ரவிக்கை பாதி தைத்தபடி ஊசியடியில் இருந்தது. துணியை வெட்டி எடுத்துவிட்டுக் கழற்றியிருக்கிறேன். வெட்டி! சீ. வேண்டாம் என்று தெரிந்தது, விரல் நிற்கவில்லை. சாப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை... உட்கார்ந்த இடம் நனைந்திருந்தது. அறுபத்தெட்டு வயசு. என் உடம்பைத் தொடவே எனக்குக் கூசுது.
லஸ்மினி வெட்டுப்பட்ட துணியை மடித்து எடுத்துப் போனாள்.

மார்ச் 20
முப்பது வருஷம் உயிரியல் நடத்தினேன். மூளை ஒரு பள்ளிக்கூடம் என்பேன். நெற்றிக்குப் பின்னால் தலைமையாசிரியர். டோபமைன், 'இது முக்கியம், வா' என்று அடிக்கும் மணி. மணி ஓயாமல் அடித்தால் தலைமையாசிரியர் சொல்வது யார் காதில் விழும்? மாத்திரை தூண்டுவது அந்த மணியைத்தானே! தெரிந்தும் விழுங்கினேன். என்ன வாத்தியார் நான்?

மார்ச் 25
டாக்டர் சிஹோம்பிங் ஜாவாக்காரர் அல்ல, மேடான்காரர், பட்டென்று பேசுபவர்.
"எல்லாம் சரியா இருக்கா சார்?"
"இங்கீ."
"அளவைக் கொஞ்சம் கூட்டலாமா?"
"இங்கீ."
ஜாவாக்காரர் என்றால் புரிந்திருக்கும், 'காதில் விழுந்தது' என்பதற்கு மேல் என் மரியாதையான 'இங்கீ'யில் ஒன்றுமில்லை என்று. இவர் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். நனைந்த கதையை எந்த வாயால் சொல்வது? என் மரியாதையே எனக்குக் குமட்டியது.
"ஓரா!"
பக்கத்தில் உட்கார்ந்திருந்த லஸ்மினி. மொட்டையாக ஒரு 'இல்லை'. நாற்பது வருஷத்தில் என் முன்னால் அவள் வாயில் வராத சொல்.
"கூட்டாதீங்க. மெஷினைப் பிரிச்சுப் போட்டாரு. நனைஞ்சது தெரியாம உக்காந்திருந்தாரு. கை நடுங்கினா நடுங்கட்டும், எனக்கு மனுஷன் வேணும்."
டாக்டர் பேனாவை மூடினார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்? படிப்படியாக் குறைப்போம்."

மே 6
இந்த நாலு வரிக்குக் கால் மணி நேரம். கோழி கிளறிய எழுத்து. மெஷின் ஓடுகிறது, வெட்டிய இடத்தைச் சரிகைப் பட்டி வைத்து மறைத்துவிட்டாள். பூட்டியதில் மிஞ்சிய மூன்று திருகாணிகள் மேசையில்.
"இன்னொரு வாட்டி பிரிச்சுப் பாக்கணுமா, பாக்னே?" நக்கல்.
"ஓரா."
சோறு ஆறுகிறதாம். போகிறேன்.