கடைசிப் பத்து நிமிடம்

ஜூலை 18, வெள்ளி

தங்கை சுமதிக்குக் குரல்கள் கேட்பது நோய்தான் என்று அம்மாவுக்குப் புரியட்டுமென்றே இன்று அந்தத் திகில் படத்துக்கு அழைத்துப் போனேன். இடைவேளை வரை அபாரம். பேயே இல்லை, தன் மனமே மிரட்டும் ஒரு பெண் மட்டும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த முட்டாள் இயக்குநர் நிஜப் பேயையே கொண்டுவந்துவிட்டான். மந்திரவாதி ஓட்டியதும் அவளுக்குக் குணமாகிவிட்டது.

வீடு திரும்பும் ஹெப்பாள் பஸ்ஸிலேயே அம்மா ஆரம்பித்தாள். "பாத்தியா கண்ணு, டாக்டருக்கு என்ன தெரியும்? நாளைக்கே சுமதிய ஹனூர் மந்திரவாதிகிட்ட கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுக் கயிறு கட்டிரலாம்." வீட்டுக்கு வந்ததும் சுமதியிடமும் அதையே சொன்னாள்.

சாப்பிட்டபின் மாத்திரையை நீட்டினேன். சுமதி வாங்கவில்லை.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லதானே அக்கா?"

அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து வருஷக்கணக்காகிறது.