மாலை போட்ட படம்

டிசம்பர் 30, செவ்வாய், இரவு.

பக்கத்து வீட்டு லீசா பிலிப்பைன்ஸ்காரி. காலையில் அவள் வீட்டு ஜன்னலில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவரின் படம், மாலை, மெழுகுதிரி. இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்று சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் நானே சமைத்தேன். என் மனுசனுக்கு வெள்ளைச் சட்டை போடவைத்து, "முகத்தைக் கொஞ்சம் சோகமா வைச்சிருங்கோ" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.

கதவு திறந்ததும் பாட்டும் சிரிப்பும். "இஞ்சரும், செத்த வீட்டிலை ஏன் பாடுகினம்?" என்றார் மனுசன் என் காதுக்குள்.

லீசாவின் கையைப் பிடித்து, இறந்தது யார் என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களுடைய தேசிய வீரராம். கண் வைத்தியர். ஸ்பானியர் ஆட்சியின் அநியாயங்களை நாவலாக எழுதியவர். கலகக்காரன் என்று இதே நாளில் சுட்டுக் கொன்று நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டதாம். இங்கே லண்டனிலும் கொஞ்சக் காலம் இருந்தாராம். கடைசிக் கவிதையைச் சின்ன ஸ்பிரிட் அடுப்புக்குள் ஒளித்துத் தங்கையிடம் சேர்த்தாராம்.

வெட்கத்தில் சட்டியோடு திரும்பிவிடப் பார்த்தேன். அவர்கள் விடவில்லை. கத்தரிக்காய்க் கறிதான் முதலில் முடிந்தது. மனுசன் அவர்களுடைய நூடில்ஸை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், சோகமே இல்லாமல்.

வெளிக்கிடும்போது வாசலில் தயங்கினேன். செத்த வீட்டில் நாங்கள் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. திரும்பிப் படத்தைப் பார்த்தேன். பிறகு, அவருக்கும் கேட்கட்டும் என்று, தமிழிலேயே சத்தமாகச் சொன்னேன்: "போட்டு வாறன்."