உங்கள் கைக்கு அராவிய பித்தளைப் பிடி

என் பெரிய கைக்கார அண்ணாவுக்கு,

கடிதம் போட்டால் பதில் போடாத ஆள் என்று உயிரோடு இருந்தபோதே உங்களுக்குப் பெயர். இனி அந்தக் குறையைச் சொல்லவும் வழியில்லை. காட்டுக் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போவதெல்லாம் ஒரு போக்கா அண்ணா? நான் மைசூரில் பஸ் பிடித்து ராமாபுரம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

இருக்கட்டும். உங்கள் ரிவால்வர் விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். காப்பித் தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது, கணக்குப்பிள்ளையாக இருந்த உங்கள் பெயருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாரே, அதேதான். ஓடைப் பாறையில் விழுந்து அதன் கைப்பிடிச் சட்டம் விரிசல் விட்டுப்போனது. “உன்ற கடையில இருக்கற அரமெல்லாம் துருப்புடிச்சா கெடக்குது? வெரசாப் பண்ணுடா” என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நான் வேலை செய்யும் துப்பாக்கிக் கடையில் மாற்றுச் சட்டம் இல்லை. பெங்களூருக்குச் சொல்லி அனுப்பினேன். அது வந்து சேர்ந்தபோது நீங்கள் இல்லை.

வந்தது பித்தளை வார்ப்பு. வேண்டுமென்றே கனமாக வார்த்திருப்பார்கள். பிடிக்கிறவர் கைக்குத் தக்கபடி நாம் அராவிக்கொள்ள வேண்டும். பழையதைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. புதியதை வைத்தால் திருகாணி ஓட்டைகள் மயிரிழை தள்ளி நின்றன. இரும்பும் பித்தளையும் சேரும் இடத்தைத் தடவினால் நகம் தட்டியது. அந்த இடத்தைச் சமமாக்குவதற்குள் என் பொறுமை போய்விட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் வாய்ச்சண்டையாவது போட்டிருக்கலாம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பிடி மாற்றினால் சொந்தக்காரரைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கச் சொல்வோம். கண் திறந்திருந்தால் கை தன்னைச் சரிசெய்துகொண்டு பொய் சொல்லும். உங்களுடையது பழைய ரகம். ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால், பின்பக்கம் சுத்தியல் மாதிரி நிற்கும் குதிரையைப் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். கண்ணை மூடிப் பிடித்ததும் கட்டைவிரல் தானாகக் குதிரைமேல் போய் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. எட்டாவிட்டால் அது வெறும் இரும்பு.

நீங்கள் இல்லையே, அதனால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நம் இருவர் கையும் ஒரே அளவு. ஊறுகாய் ஜாடிக்குள் விட்ட கையை வெளியே எடுக்க முடியாமல் நாம் இருவருமே அம்மாவிடம் அடி வாங்கியவர்கள்தானே? அராவுவேன், பிடித்துப் பார்ப்பேன், மறுபடி அராவுவேன். ஒருநாள் அது உள்ளங்கை நிறைய வந்து உட்கார்ந்தது. உங்கள் கையைப் பிடித்த மாதிரியே இருந்தது அண்ணா. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமாகவும் இருந்தது.

இனி அதைப் பிடிக்கப்போவது யார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அண்ணியின் கதை உங்களுக்குத் தெரியாது. ராகிக் காட்டை விற்றுவிட்டுத் தங்களோடு வந்து இரு என்று அண்ணியின் அண்ணன்மார் பிடிவாதமாக இருக்கிறார்கள். பன்றியும் யானையும் இறங்குகிற வனத்தோரத்தில் பெண்பிள்ளை தனியாக எப்படி இருப்பாள் என்று கேட்கிறார்கள். அண்ணி நகரமாட்டேன் என்கிறார். ரிவால்வரைத் தன் பெயருக்கு மாற்றித் தரச்சொல்லி மனுப் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் தாலுகாவிலிருந்து அதிகாரி வந்து, அண்ணிக்கு அதைக் கையாளத் தெரிகிறதா என்று பார்க்கப்போகிறார். தெரியாவிட்டால் ரிவால்வர் சர்க்காருக்குப் போகும். அப்புறம் அண்ணியும் அந்தக் காட்டில் இருக்க முடியாது.

நேற்று அண்ணி கடைக்கு வந்தார். குண்டு இல்லாத ரிவால்வரைக் கொடுத்து, வழக்கப்படி கண்ணை மூடச் சொன்னேன். மூடினார், பிடித்தார். கட்டைவிரல் குதிரையைத் தேடியது. நீட்டினார், இன்னும் நீட்டினார். பிடியே நழுவியது.

“எட்டலீங்களே தம்பி” என்றார், கண்ணைத் திறக்காமலே.

கடை முதலாளி எட்டிப் பார்த்து, “யார கைகப்பா மாடிதே?” என்று கன்னடத்தில் கேட்டார். யார் கைக்கடா செய்தாய் என்று. அண்ணிதான் பதில் சொன்னார்: “அவங்கண்ணன் கைக்குப் பண்ணியிருக்கறாருங்க.”

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இது இப்படியே இருக்கட்டுமுங்க அண்ணி. நீங்க மைசூருக்கே வந்துருங்க, எங்க வீட்டுல இருங்க” என்றேன். அண்ணியின் அண்ணன்மார் சொன்னதையேதான் நானும் சொன்னேன்.

அண்ணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“தம்பி, உங்கண்ணன் இனி இதைப் புடிக்கப் போறதில்லீங்க. நாந்தான் புடிக்கோணும்.”

சொல்லிவிட்டு, அளவெடுத்துக்கொள் என்பதுபோல் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தார். இத்தனை சின்னக் கையா அண்ணா? இந்தக் கையை வைத்துக்கொண்டா உங்களோடு ஏர் பிடித்து, களை பறித்து, கடைசியில் உங்களைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தார்? இரண்டு தடவை அளவெடுத்தேன், அண்ணியின் கை அசையவில்லை.

உங்கள் கைக்கும் அண்ணியின் கைக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் பித்தளைதான். இன்று பூராவும் அரத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அராவிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது. உங்கள் கையை இந்த உலகத்தில் வேறெங்கே போய்ப் பிடிப்பேன்? நீங்கள் இருந்திருந்தால், “மடையா, அவளுக்குப் பண்ணிக் குடுடா” என்று ஒரு சத்தம் போட்டிருப்பீர்கள். அந்தச் சத்தம் கேட்காமல்தான் இத்தனை தாமதம்.

நாளைக் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அதுதான் அண்ணா. அண்ணியின் கட்டைவிரல் குதிரைக்கு எட்டும்வரை அராவுவேன். நடுவில் ஒரு தடவைகூட என் கையில் பிடித்துப் பார்க்க மாட்டேன்.

உங்கள் உடன்பிறந்த தம்பி,
பழனிச்சாமி