புங்கமரம் பார்க்கும் உறுப்பினர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாகர்கோவிலில் மழை விட்டதா? முழங்கால் வலி குறைந்ததா? திருவண்ணாமலையில் நான் நலமாகத்தான் இருக்கிறேன். நேற்று ஒரு சின்னச் சண்டை, அவ்வளவுதான்.

எங்கள் தாவரவியல் சங்கத்தில் போன வருடம் நாற்பது பட்டதாரிகள் சேர்ந்தார்கள். உறுப்பினர் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் தனம் அக்கா மட்டும் வாராவாரம் வந்து, கடை வாசல் புங்கமரத்தைப் பற்றிச் சொல்கிறார். "நேத்துதாம்மா மொதப் பூ வந்துச்சு" என்றார் போன வாரம். செயலாளரான நான் அவருக்கு உறுப்பினர் படிவம் கொடுத்தேன்.

"டிகிரி இல்லாதவங்கள சேத்தா சங்கத்துக்கு என்னம்மா மரியாதை?" என்றார் தலைவர்.

"டிகிரி வாங்குனவங்கல்லாம் எங்க சார் போனாங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் எதிரிலேயே கையெழுத்துப் போட்டேன். பதவியைப் பறிப்பாராம். பறிக்கட்டும், போட்ட கையெழுத்தை அழிக்க மாட்டேன். இனி ஆளுக்கு ஒரு மரம். அதை விடாமல் பார்க்கிறவர்தான் உறுப்பினர்.

கல்லூரி மணி அடிக்கிறது, முடிக்கிறேன். உங்கள் பெயருக்கும் ஒரு படிவம் இதோடு இருக்கிறது. நம் வாசல் வேம்பு உங்கள் மரம். பூத்ததா, காய்த்ததா என்று வாரம் தவறாமல் எழுதுங்கள். போனில் சொன்னால் செல்லாது, கடிதமாகத்தான் வர வேண்டும்.

உங்கள் மகள்,
கவிநிலா