வேம்புலி அண்ணனுக்குப் போன மெயில்

டிரயல் கேம்ப், ராஜஸ்தான்
4 மே 2025

அன்புள்ள சௌமிக்கு,

நான் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வெந்துகொண்டிருக்கிறேன் என்பதுதான் சரி. பத்து மணிக்கு மேல் ராணுவ வண்டியின் இரும்பைத் தொட்டால் கை பொரிகிறது. இந்த வெயிலில் தாங்குகிறதா என்று பார்க்கத்தானே வண்டிக்குச் செய்த நம் கூலரை இவ்வளவு தூரம் கொண்டுவரச் சொன்னார்கள். கூலர் தாங்குகிறது, நான்தான் தாங்கவில்லை.

போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் போகும்போது மட்டும் கைக்குக் கிடைக்கும். அந்த நேரமெல்லாம் ஹிபாவுக்கே சரியாகப் போய்விடுகிறது. பெற்ற என்னைவிட அவள் அதிகம் அதட்டுகிறாள். அதனால் உனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிக்குள் கடிதம். பெட்டியைச் சோதிக்கும் ஜவான், போன பெட்டியில் நான் வைத்த தமிழ்க் குறிப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படித்தான். ஆகையால் யாரை வேண்டுமானாலும் திட்டி எழுதலாம், பயமில்லை.

பெட்டியில், கூலரின் ஃபேனைத் தாங்குகிற பிராக்கெட் ஒன்று வருகிறது பார். மூலையில் விரிசல். இந்தக் குலுக்கலுக்கு அந்தத் தடிமன் போதாது. வேறு பிராக்கெட் செய்தால்தான் டிரயல் மேலே நகரும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். திருவேங்கடம் சார் ரிடையர் ஆகிவிட்டாரே, டீம் லீட் நாற்காலியைப் பற்றி ஜிஎம் கங்காதரன் சார் வாயைத் திறந்தாரா? நான் கிளம்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டு, "ட்ரயல முடிச்சுட்டு வாம்மா, உன் விஷயம் பேசிடலாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் அதற்குள் குமணன்சாவடி கடைக்கு வருகிற வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாராம். வாயை மூடுங்கள் என்றேன். உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷம்தான்.

நான் லீட் ஆனால் முதல் வேலையாக உன்னை அந்தக் கதவோர மேஜையிலிருந்து மாற்றிவிடுகிறேன். உடனே எழுது.

உன் சபீ


அம்பத்தூர்
11 மே 2025

அன்புச் சபீக்கு,

நேராகச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நீ இன்னும் அதிகமாகத் திட்டுவாய். நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

போன திங்கட்கிழமை ஜிஎம் கூப்பிட்டார். கஸ்டமர் ஆவடியில் இருக்கிறார்கள், நானும் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், ஓடிப்போய்ப் பேச ஆள் வேண்டும் என்றார். சபீனாதானே சார் சீனியர் என்று கேட்டேன். "அவ அங்க இல்லேன்னா ட்ரயல் படுத்துடும்மா" என்றார். அதற்குமேல் நான் உன் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே, எனக்கே சரியாகத் தெரியவில்லை. வீட்டில் அப்பா தெருவுக்கே ஸ்வீட் கொடுத்துவிட்டார்.

கோபம் வரும், வரட்டும். ஆனால் என் நிலைமையையும் கேள். ரிவ்யூவில் எல்லா வேலையும் பச்சையாக, சிக்கல் இல்லை என்று இருக்க வேண்டும் என்கிறார் ஜிஎம். பிராக்கெட்டைச் சிவப்பில் போட்டிருந்தேன். கூட்டத்துக்குப் போகும் வழியில் அவரே மஞ்சளாக்கச் சொன்னார். கஸ்டமரோ ஜூன் பாதிக்குள் டிரயலை முடிக்காவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். ஆர்டர் போனால் நம் டீமையே கலைத்துவிடுவார்கள் சபீ. டிசைன் பசங்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். நேற்றுவரை என் தட்டிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றவர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை மெஷின் ஷாப். புது பிராக்கெட்டுக்கு டிராயிங் தயார், இரும்பும் வந்துவிட்டது. ஷாப் இன்சார்ஜ் வேம்புலி அண்ணன் என்னைக் கண்டால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நீ மட்டும் தனியாகப் போவாய், திரும்பி வருவாய், மறுநாள் பீஸ் வந்து நிற்கும். என்னதான் பேசுவாய் அவரிடம்? நான் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடு. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தண்ணீர் நிறையக் குடி.

உன் சௌமி


டிரயல் கேம்ப்
18 மே 2025

அன்புள்ள சௌம்யாவுக்கு,

வாழ்த்துகள். இந்த ஒரு வார்த்தையை எழுதி முடிக்க எனக்கு இரண்டு பேப்பர் கிழிந்தது. மனதார எழுதினேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், எழுதுகிற எனக்கும் நம்பிக்கை இல்லை.

ஆவடியில் வளர்ந்தவள் என்பதால் கொடுத்தார்களாம். பூந்தமல்லியில் வளர்ந்தது என் குற்றம் போலிருக்கிறது. அங்கிருந்து ஆவடிக்கு பஸ் ஓடுகிறதே, அது ஜிஎம்முக்குத் தெரியாதா? இந்தக் கூலரின் முதல் கோட்டைப் போட்டவள் நான். முதல் மாடல் ஒழுகியபோது கஸ்டமரிடம் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவளும் நான். நீ அன்று லீவில் இருந்தாய், உன் தங்கை கல்யாணம். இப்போது அறைக்குள் ஏசிக் காற்றில் நீ உட்கார்ந்திருக்கிறாய், நான் இங்கே தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மீட்டரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் இல்லாவிட்டால் டிரயல் படுத்துவிடுமாம். நன்றாக வேலை செய்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனையைப் பார்த்தாயா.

இன்று ஊருக்குள் போய் என் வீட்டுக்காரரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். கல்லாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "பரவால்ல விடு, சௌம்யாதானே" என்றார். சௌம்யாதானே என்ற அந்த வார்த்தையைத்தான், சௌமி, என்னால் தாங்க முடியவில்லை. வேறு எவளாவதாக இருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

வேம்புலி அண்ணன் விஷயம் கேட்டாய். நீ இப்போது லீட். கெஞ்சிக்கொண்டு நிற்காதே. எந்தத் தேதிக்குள் பீஸ் வேண்டும் என்று தெளிவாக ஒரு மெயில் போடு. ஜிஎம்முக்கும் ஒரு காப்பி வை. மேலே இருப்பவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் தானாக வேலை நடக்கும்.

சபீனா


அம்பத்தூர்
27 மே 2025

அன்புச் சபீக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. எரிச்சலோடு எழுதியிருந்தாலும் நான் கேட்ட உதவியைச் செய்தாயே, அதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றிருந்தேன். அதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

நீ சொன்னபடியே மெயில் போட்டேன், ஜிஎம்முக்குக் காப்பியோடு. வேம்புலி அண்ணன் இதுவரை எந்த மெயிலுக்கும் பதில் போட்டு நான் பார்த்ததில்லை. அன்று போட்டார், மொத்தக் கம்பெனிக்கும் போகிற மாதிரி. பிராக்கெட் டிராயிங்கை டிசைன் ஆட்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், மெஷின் ஷாப்பில் தாமதம் எதுவும் இல்லை, இனி எல்லா வேலையும் வரிசைப்படி வரும். அவ்வளவுதான் மெயில். அன்று சாயங்காலம் முதல் ஷாப்பில் ஓவர்டைம் நின்றுவிட்டது. நம் பிராக்கெட், யாருக்கும் அவசரமில்லாத ஒரு பம்ப் மூடிக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

நான் நேரில் ஓடினேன். ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. "இன்னா மேடம், மெயிலு போட்டீங்களே, அதுவே வந்து பீஸ் போட்டுக் குடுக்கட்டும்" என்றார். யாரோ சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜிஎம் இப்போது கை கழுவிக்கொண்டார். உன் டீமை உன்னால் கட்டி மேய்க்க முடியவில்லை என்றால் சொல்லிவிடு என்கிறார். டிசைன் பசங்களுக்கோ, என் மெயிலால்தான் தங்கள் டிராயிங் பழியில் மாட்டிக்கொண்டது என்று என்மேல் கோபம். ஜூன் பாதி வந்துகொண்டே இருக்கிறது. வேறு வழி ஏதாவது தெரிந்தால் எழுது. உன்னை விட்டால் நான் யாரைக் கேட்பேன்?

ஸ்கூல் திறக்கும் முன் ஹிபாவைப் போய்ப் பார்க்கிறேன்.

உன் சௌமி


டிரயல் கேம்ப்
3 ஜூன் 2025

சௌமி,

இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது. கஸ்டமரின் ஆட்கள் இங்கே வந்து "சௌம்யா மேடம் என்ன சொன்னார்" என்று என்னிடமே கேட்கிறார்கள். நான் எடுத்த அளவுகள் உன் பெயரில் கஸ்டமருக்குப் போகின்றன. போன வாரம் வந்த பெட்டியின் மேல் அனுப்புநர் இடத்தில் உன் கையெழுத்தைப் பார்த்தேன், லீட் என்று போட்டு. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கையெழுத்து எவ்வளவு அழகு என்று காலேஜிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

ஷாப்பில் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தாயே. படித்ததும் ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. அப்புறம் தனியாகப் போய் அழுதேன். இரண்டும் நடந்தது.

இப்போது நான் சொல்வதைச் செய். கையில் டிராயிங், போன், பேப்பர் எதுவும் கொண்டுபோகாதே. காலை டீ வரும் நேரத்துக்கு ஷாப்புக்குப் போ. அவர் பார்க்காவிட்டாலும் நில். அவர் சொல்லி டீ வரும், குடி. அவர் பையன் நர்சிங் சேர்ந்தானே, அவனைப் பற்றிக் கேள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்போது, "அண்ணா, அந்த பிராக்கெட் கொஞ்சம் மாட்டிக்கிச்சு" என்று மட்டும் சொல். தேதி சொல்லாதே. தேதியை அவரே கேட்பார். அவரைப் பற்றி மேலே எழுதினால் மட்டும் ஆயுளுக்கும் மன்னிக்கமாட்டார்.

எனக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று நீ கேட்பாய். கேட்காதே.

சபீ


அம்பத்தூர்
11 ஜூன் 2025

சபீனாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மெயில் போட்ட மறுவாரம், வேறு வழி தெரியாமல் நானாகவே ஷாப்புக்குப் போய் நின்றேன். வெறுங்கையோடு. கொண்டுபோக என்னிடம் எதுவும் மிச்சமில்லை. வெகுநேரம் கழித்து அவரே ஸ்டூலைக் காட்டினார். "சபீனாம்மா ஒரு நாளும் பேப்பர் தூக்கினு வந்ததில்ல மேடம். வருவாங்கோ, டீ குடிப்பாங்கோ, போசொல்ல ஒரு வார்த்த சொல்வாங்கோ. மேல மெயிலு போட்டா எனக்கு ஆவாதுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியுமே. உங்களுக்கு சொல்லலியா?" என்றார். சொல்ல மறந்திருப்பாள் அண்ணா என்றேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரி. ஜிஎம்முக்குப் போன மெயிலுக்கும் தாமதம் மெஷின் ஷாப்பால் இல்லை, அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று என் பெயரில் திருத்தம் போட்டேன். ஓவர்டைம் மறுபடி ஆரம்பித்தது. ஆவடிக்குப் போய் கஸ்டமர் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து மாதக் கடைசி வரை நேரம் வாங்கி வந்தேன்.

ரிவ்யூவில் கங்காதரன் சார் எல்லோர் முன்னாலும், "இந்த மெயில் ஐடியா யாரோடது" என்று கேட்டார். என்னுடையது சார் என்றேன். உன்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னதாக நினைக்காதே. இன்னொருத்தி சொன்னாள், நான் போட்டேன் என்றால் அந்த லீடை அப்புறம் எவன் மதிப்பான்?

நாற்காலியை உனக்கே விட்டுக்கொடுத்துவிடலாம் என்று ஒரு முழு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விடமாட்டேன் சபீனா. எனக்கும் அது பிடித்திருக்கிறது. பொறாமை உனக்கு மட்டும் சொந்தம் என்றா நினைத்தாய்? நீ ஷாப்பிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து எனக்கு எரிந்திருக்கிறது. நீ எழுதிவிட்டாய், நான் எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் உன்னைத் தவறான வழியில் அனுப்பிவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

ஹிபாவைப் பார்த்தேன். நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுத்தேன். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள். இந்த மாதக் கடைசியில் என்று சொல்லியிருக்கிறேன், அதைப் பொய்யாக்கிவிடாதே.

பிராக்கெட்டுகள் இந்தப் பெட்டியிலேயே வருகின்றன. நல்ல வேலை, பார்த்தால் உனக்கே தெரியும். மாட்டி, மதிய வெயிலில் ஓட்டி, வெப்ப அளவுகளை எடுத்து அனுப்பு. அனுப்பும்போது கேம்ப்பில் உன்னோடு இருக்கும் இன்னொருவரையும் அதே மீட்டரைப் படிக்கச் சொல்லி, அவர் கையெழுத்தையும் வாங்கி அனுப்பு. இத்தனை வருஷத்தில் உன் அளவுகளை நான் ஒருமுறைகூடச் சரிபார்த்ததில்லை. நீ எழுதினால் அதுதான் அளவு. இனி எனக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஷாப்பில் சிரித்தபோது அடக்கிக்கொண்ட அழுகை, இந்த வரியை எழுதும்போது வந்துவிட்டது.

சௌம்யா